கூலி பேசாத வேலை

வாசலில் சாக்குப்பையை இறக்கி வைத்து, ஒழுகும் குழாயையோ ஓடாத மின்விசிறியையோ ஒரு முறை ஏற இறங்கப் பார்த்த பிறகு, "இதுக்கு எவ்வளவுப்பா ஆகும்?" என்று நாம் கேட்கும் கேள்விக்கு, தலையைச் சற்றே சாய்த்து, சிரிப்பும் சங்கோசமும் கலந்த குரலில், "உங்ககிட்ட என்ன சார், பார்த்துக் குடுங்க" என்று மறுமொழி சொல்லாத கைவேலைக்காரரைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. அந்த மறுமொழியில் பணிவு இருக்கிறது, பழக்கத்தின் இனிமை இருக்கிறது, நம்முடைய தாராள குணத்தின்மேல் வைத்த நம்பிக்கையும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதனாலேயே, மேற்கொண்டு பேசுவது கௌரவக் குறைவு என்று எண்ணி நாமும் உள்ளே போய்விடுகிறோம். மாலையில் அதே மனிதர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாயிரத்து ஐநூறு ஆச்சு சார்" என்று சொல்லும்போதுதான், பார்ப்பது நாம், போடுவது அவர் என்ற உண்மை நமக்குப் பிரத்தியட்சமாகிறது.

இந்த வழக்கத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. கிராமத்துத் தச்சருக்கும் கொல்லருக்கும் வேலைக்கு வேலை கூலி பேசும் சம்பிரதாயம் அந்நாளில் இல்லை. ஆண்டு முழுவதும் ஏர்க்கலப்பையைச் செப்பனிட்டுக் கொடுத்தவருக்கு, அறுவடைக் காலத்தில் களத்து நெற்குவியலிலிருந்து இத்தனை மரக்கால் என்று அளந்து கொடுப்பார்கள். செங்கற்பட்டுச் சீமையின் பழைய வருவாய்க் குறிப்புகளில் இத்தகைய பங்குகளுக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர் வழங்குகிறது என்பதை இன்று படிப்பவர்கள் சற்று வியப்போடுதான் படிப்பார்கள். அந்த ஏற்பாடு நியாயமானது என்று நான் வாதிட வரவில்லை. ஜாதியும் அச்சமும் அதன் அஸ்திவாரத்தில் கிடந்தன. ஆயினும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே ஊரில் மடிந்த அக்காலத்தில், 'பார்த்துக் கொடுங்கள்' என்ற சொல்லுக்கு ஊரறிந்த ஓர் அளவு இருந்தது. இன்று வேளச்சேரியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவருக்கும், விருத்தாசலத்திலிருந்து பிழைப்புக்கு வந்த ஒரு மெக்கானிக்குக்கும் இடையே அந்த மரக்கால் இல்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது.

சென்ற கோடையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு காலை வேளையில் 'ம்ம்' என்று முனகிவிட்டு ஓய்ந்தது. ஒரு குதிரைத் திறனுள்ள சாதாரண மோனோபிளாக் மோட்டார். வந்து பார்த்த மெக்கானிக் அதைக் கழற்றி, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "கண்டென்சரோ பேரிங்கோதான் இருக்கும் சார், ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்று சொல்லிப் போனார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, காயில் எரிந்துபோயிருந்ததென்றும், புதுக் காயில் கட்டி முடித்துவிட்டதென்றும், 3,600 ரூபாயோடு கடைக்கு வந்தால் மோட்டாரை எடுத்துக்கொள்ளலாமென்றும் தெரிவித்தார். கட்டி முடித்துவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை. கட்டலாமா என்று கேட்டிருக்கவில்லை.

கடைக்குப் போனேன். வார்னிஷ் வாசனை தெருமுனையிலேயே வரவேற்றது. உள்ளே, வயிறு திறந்து வைத்ததுபோல் பத்துப் பதினைந்து மோட்டார்கள் வரிசையாய்க் கிடக்க, ஓர் அம்மாள் மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றியபடி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதற்கும் எண்ணிக்கை தவறிவிடுமே என்று தலையை மட்டும் ஆட்டினார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிய கணக்கை மெக்கானிக் என் கையில் கொடுத்தார்: காயில் 2,400, பேரிங் இரண்டு 500, சீல் 200, கூலி 500. காயில் கட்டுவதிலேயே கூலியும் சேர்ந்ததல்லவா, பின் ஏன் தனியாக ஒரு கூலி என்று கேட்டேன். அது கம்பியும் கட்டுக்கூலியும், இது கழற்றி மாட்டும் கூலி என்றார். அதை ஒப்புக்கொண்டேன். பிறகு, "எரிஞ்சுபோன பழைய செம்பு எங்கே, தம்பி?" என்று கேட்டேன். அதுவரை சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அங்கே சற்று நின்றார்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கும். புதுக் கம்பிக்கு எடைபோட்டுப் பணம் கேட்கும்போது, உள்ளிருந்து பிடுங்கிய பழைய கம்பியும் எடைக்கு விலைபோகும் பொருள். அது மோட்டாரின் சொந்தக்காரருக்கு உரியது. கேட்பவர் குறைவாகையால், அது கடையின் மூலையிலுள்ள சாக்கில் சேர்ந்து, மாதக் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சாக்கிலிருந்து, அடையாளம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கருகிய சுருளை எடுத்துத் தராசில் வைத்தார்கள். 1 கிலோ 250 கிராம். அன்றைய பழைய செம்பு விலைக்குக் கணக்குப் பார்த்து 750 ரூபாய் கழித்துக்கொள்ள அவர் இசைந்தார். 2,850 கொடுத்து மோட்டாரை வாங்கி வந்தேன். அது இன்றும் ஓடுகிறது. ஆகையால் அவருடைய வேலையைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவர் இசையாதிருந்தால்? பணத்தை முழுதும் வைத்தாலன்றி மோட்டாரைத் தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில், ஒருவரிடம் ஒப்படைத்த பொருளின்மீது அவர் ஒப்படைத்த நோக்கப்படி தம் உழைப்பையோ திறமையையோ செலவிட்டிருந்தால், உரிய கூலி வரும்வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று கூறுகிறது. சட்டம் செய்தவர்கள் அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்கள் ரசிக்கத்தக்கவை: பட்டை தீட்டுவதற்காகக் கரட்டு வைரத்தை வாங்கிய நகைத் தொழிலாளி, தீட்டி முடித்த பின் கூலி பெறும்வரை கல்லை வைத்துக்கொள்ளலாம், ஆனால், கோட்டு தைத்தவுடனே தருவதாகவும் மூன்று மாதம் கடன் கொடுப்பதாகவும் வாக்களித்த தையற்காரர், பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்து வைக்க இயலாது. வாக்கு இருக்குமிடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. மேலும், உரிமை 'உரிய' கூலிக்குத்தான். பழுதைப் பார்ப்பதற்காக ஒப்படைத்த பொருளில், கேளாமலே புது வேலை செய்துவிட்டு அதன் முழு விலைக்கும் பொருளைப் பிணையாக்குவது அந்த நோக்கத்துக்குள் அடங்குமா என்பது நல்ல வாதத்துக்கு இடமானது. வைத்திருக்கும் காலத்தில் அப்பொருளை, சாமானிய விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பாதுகாப்பதுபோல் பாதுகாக்க வேண்டிய கடமையும் 151ஆம் பிரிவின்படி அவர் தலையில் இருக்கிறது.

தண்ணீர் இல்லாத வீட்டுக்கு வாதத்தில் வெல்வதைவிட மோட்டார் வந்து சேர்வது முக்கியம். இப்படிப்பட்ட நெருக்கடியில் பழைய வக்கீல்கள் சொல்லும் ஓர் உபாயம் உண்டு: கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதின் இரு பிரதிகளிலும் 'ஆட்சேபணையுடன் செலுத்தியது' என்று எழுதிக் கையொப்பமிடுவது. அவர் ரசீதே தரவில்லையென்றால், அன்றைக்கே அவருடைய கைபேசிக்கு அந்த ஒரு வரியை அனுப்பிவைப்பது. பின்னொரு நாள், 'மனமொப்பித்தானே கொடுத்தீர்கள்' என்ற கேள்வி எழும்போது, அந்த ஒரு வரி பத்துச் சாட்சிகளுக்குச் சமானமாகும்.

இனி, 'அநியாயக் கூலி' என்று நாம் குமுறுகிறோமே, அந்தக் குமுறலைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? இங்கேதான் பெரும்பாலோருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பிளம்பருக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் விலை கட்டி வைக்கவில்லை. 800 ரூபாய் வேலைக்கு 1,500 கேட்டார் என்பது மட்டும் ஒரு குற்றமாகாது. 2020 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும் இடத்தில், கூடுதல் விலை என்பதை நான்கு அளவுகோல்களால் அளக்கிறது: சட்டம் நிர்ணயித்த விலை, பொருளின்மேலோ அதன் உறையின்மேலோ அச்சிட்ட விலை, சட்டப்படி மாட்டிவைக்க வேண்டிய விலைப்பட்டியலில் கண்ட விலை, இரு தரப்பாரும் ஒத்துக்கொண்ட விலை. இந்த நான்கில் எதற்காவது மேற்பட்டு வாங்கினால்தான் அது கூடுதல் விலை. வீட்டு வேலைக்கு முதல் மூன்றும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. எஞ்சுவது நான்காவது ஒன்றுதான். அந்த ஒன்றையும் 'பார்த்துக் குடுங்க' என்ற இரண்டு வார்த்தையில் நாமே வாசலில் கரைத்துவிடுகிறோம். நான் மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இதற்கு விரிவுரையே.

விலையே பேசாமல் வேலை நடந்துவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பிழை. இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அந்த ஈடு நியாயமான தொகை. அவர் கேட்டதும் அன்று, நாம் கொடுக்க நினைத்ததும் அன்று. நியாயமான தொகை எது என்று கண்டுபிடிக்க, அதே தெருவில் அதே வேலைக்கு வேறு இருவர் என்ன வாங்குகிறார்கள் என்ற சாதாரண விசாரணையைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.

விலையைப் பற்றியதுதான் இது. வேலையின் தரத்தைப் பற்றியோ சட்டம் நமக்கு அதிகத் துணையாக நிற்கிறது. பணத்துக்குச் செய்யும் பணி எதுவாயினும், அது எந்த விதமாக நிறைவேற வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டார்களோ அந்த விதத்திலிருந்து குறைவுபட்டால், அது 'சேவைக் குறைபாடு'. ஒரு விலக்கு உண்டு: இலவசமாகச் செய்த பணியும், தனிநபர் ஊழிய ஒப்பந்தத்தின்கீழ் செய்த பணியும் இதில் சேரா. மாதச் சம்பளத்துக்கு நம் வீட்டில் நம் சொற்படி சமையல் செய்பவரின் வேலை பின்னதைச் சேர்ந்தது. தம் கருவிகளோடு வந்து, தம் திறமையைக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துத் தருவதாக ஏற்கும் எலக்ட்ரீஷியனின் வேலை அப்படிப்பட்டதன்று. இந்த வேற்றுமையை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது, விசித்திரமாக, மருத்துவர்களைப் பற்றிய ஒரு வழக்கில்தான்: இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த 1995ஆம் ஆண்டு வழக்கு அது. அதற்கு முன்பே, லக்னௌ வளர்ச்சி ஆணைய வழக்கில், வீடு கட்டித் தருவதும் சேவையே என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே மாடியில் ஓர் அறை எழுப்ப மேஸ்திரியிடம் ஒப்பந்தம் செய்யும் குடும்பத் தலைவி, சட்டத்தின் கண்ணில் ஐயமில்லாத நுகர்வோர். வியாபார லாபத்துக்காகச் செய்துகொள்ளும் வேலைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் தையல் இயந்திரத்தை வைத்துத் தன் வயிற்றைக் கழுவும் ஒருத்தி அந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், சுயதொழில் ஜீவனம் என்ற காரணத்தால் அவளுக்கு உண்டு.

வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. கூலி மட்டுமா, சாமானும் சேர்த்தா. சாமான் யார் வாங்குவது, என்ன ரகம். அளவுக்குக் கூலியா, மொத்தத்துக்குக் கூலியா. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தெந்தக் கட்டத்தில். கூடுதல் வேலை தோன்றினால் கேட்ட பிறகுதான் செய்வது. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, ஒரு நோட்டுப் புத்தகத் தாளும் இருவர் கையொப்பமும் போதும். அதுவும் சங்கடமென்றால், பேசியதை அப்படியே கைபேசியில் எழுதி அவருக்கு அனுப்பி, அவரிடமிருந்து 'சரி சார்' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்வது எளிது. முன்பணத்தில் கை தாராளமாகிவிடக் கூடாது. பாதிக்கு மேல் முன்னால் கொடுத்த வேலையின் இரண்டாம் பாதி எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதை, வீடு கட்டிய எவரைக் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்.

சாமான் விஷயத்தில் சில நுட்பங்களை அறிந்திருப்பது நல்லது. உறையிட்டு விற்கும் பொருளுக்கு அச்சிட்ட எம்.ஆர்.பி. விலைக்குமேல் வாங்கக் கூடாது என்பது கடைக்காரருக்குரிய விதி. மெக்கானிக் வாங்கிவந்த உதிரி பாகத்தின் உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் இதைச் சரிபார்க்கலாம். பெயிண்ட் டப்பாவுக்குள் வண்ணம் அடிப்பவருக்கென்று கம்பெனிகள் டோக்கன் வைக்கும் வழக்கம் பலருக்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட பெயிண்டையே அவர் வற்புறுத்தும்போது, அந்தச் சிபாரிசில் தொழில் அனுபவம் எவ்வளவு, டோக்கன் எவ்வளவு என்று யோசிக்க இது உதவும். பில்லில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் மேலே பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் ஒரு காசும் வசூலிக்கலாகாது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குட்பட்ட தனிப்பட்ட தொழிலாளிக்குப் பொதுவாகப் பதிவே அவசியமில்லை என்பதால், இந்த வரியைக் கண்டவுடன் சற்று நிதானிப்பது தவறாகாது.

ஏ.சி. இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பங்குனியிலும் சர்வீசுக்கு வருபவர், 'கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிடலாமா?' என்று கேட்பது பருவக்காற்றைப்போல் தவறாத நிகழ்ச்சி. அந்த வாயு, மோட்டார் வண்டியின் பெட்ரோலைப்போல் செலவாகித் தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. 'கசிவு எங்கேன்னு சோப்புத் தண்ணி போட்டுக் காட்டுப்பா' என்று கேட்டுப் பாருங்கள். சில வேளைகளில் வாயு குறையாமலே இருந்தது தெரியவரும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது கவனிக்க வேண்டியது வேறு. அங்கே அடிக்கு இவ்வளவு என்று பேச்சு, ஆழம் போகப் போக அடியின் விலையும் ஏறும். அடி எவ்வளவு என்பதைப் பூமிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ராடுகளை எண்ணலாம். ஒரு ராடு பெரும்பாலும் 20 அடி. வேலை தொடங்குமுன் ஒன்றை நாடா வைத்து அளந்துகொண்டு, உள்ளே இறங்கும் ஒவ்வொன்றுக்கும் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 'எழுநூத்தி இருபது அடி' என்ற குரல் கேட்கும்போது திகைக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இப்படி எண்ணுகிறவர்களைக் கண்டு கோபித்துக்கொள்வதில்லை. அவர்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு விவகாரம் முற்றிவிட்டால் என்ன செய்வது? முதலில், நடந்ததைத் தேதியோடு எழுதி, என்ன பரிகாரம் வேண்டுமென்பதையும் எத்தனை நாளுக்குள் வேண்டுமென்பதையும் குறித்து, பதிவு செய்த விரைவுத் தபாலில் ஒரு கடிதம். பல விவகாரங்கள் இந்த ஒரு கடிதத்தோடு சமாதானமாகிவிடுகின்றன. வாயால் கூச்சலிட்டபோது அசையாதவர், கையொப்பம் கேட்டு வரும் காகிதத்தைக் கண்டு யோசிக்கிறார். அதன்பின் 1915 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் எதிர்த்தரப்போடு பேசிப் பார்க்கும். ஒரு நிறுவனத்தின் பெயரில் வந்தவராயின் இது பெரும்பாலும் பயன் தரும், தெருமுனைத் தொழிலாளியாயின் அவ்வளவாகப் பயன் தராது. அதற்கும் மேற்பட்டது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகாரைக் கொடுக்கலாம்; வேலைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் ஏதும் கிடையாது; காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்; வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை, நம் வழக்கை நாமே சொல்லிக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்குமேல் ஒரு நாளும் நீட்டிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் திட்டமாகச் சொல்லிவிட்டது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படியோ, குறையைச் சரிசெய்யும்படியோ, நஷ்ட ஈடு தரும்படியோ ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதியாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறைவாசம்கூட உண்டு.

பரிசோதனை வேண்டாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். சட்டப் புத்தகத்தின் 3 மாதத்துக்கும் நம் வீட்டு நாட்காட்டியின் 3 மாதத்துக்கும் உள்ள வேற்றுமையை, நீதிமன்ற வாசலை மிதித்த எவரும் அறிவர். எனவே என் அபிப்பிராயம்: குளியலறைத் தளம் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையும் நனைந்து, லட்சக்கணக்கில் நஷ்டமென்றால் தயங்காமல் போகலாம், 600 ரூபாய் வித்தியாசத்துக்குப் போவது, பஸ் கட்டணத்திலும் மனக்கசப்பிலும் அதைவிட அதிகம் செலவழிப்பதாகும். போலீஸ் நிலையத்துக்கு ஓடுவது இன்னும் வீண். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தவர்மேல்தான் குற்ற வழக்கு நிற்கும். வேலை சரியில்லை, கூலி அதிகம் என்பவை உரிமையியல் தகராறுகள். காவல் நிலையத்தில் அவரை உட்கார வைத்துப் பணத்தைத் திருப்பி வாங்கினேன் என்று பெருமை பேசுபவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் நான் பங்குகொள்ள விரும்பவில்லை.

ஏனென்றால், தராசின் மறுதட்டு ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கட்டணமில்லாத ஓர் ஆணையத்தைத் திறந்துவைத்த சட்டம், வேலையை முடித்துவிட்டு, 'அடுத்த வாரம் வாப்பா', 'ஐயா ஊர்ல இல்லை' என்ற பதில்களைக் கேட்டுக் கேட்டுத் திரும்பும் கொத்தனாருக்கு அந்த வாசலைத் திறக்கவில்லை. அவர் நுகர்வோர் அல்லர். நீதிமன்றக் கட்டணம் கட்டி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர். எந்தக் கொத்தனார் போகிறார்? பாக்கியை மறந்துவிட்டு, அடுத்த வீட்டுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த பரிகாரம். நாம் அதிகமாகக் கொடுக்கும் கூலியில், நமக்கு முந்திய ஒருவர் கொடாமல் விட்ட கூலியும் ஒரு பங்காக ஒளிந்திருக்கக்கூடும்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரத்தை அடுத்த தம் வீட்டின் மாடியில் ஓர் அறை எழுப்பினார். பூச்சு வேலை சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தாளிலும் எழுதிக்கொண்டார். இவ்வளவு ஜாக்கிரதையுள்ளவர் வீட்டிலும் கடைசி நாளில் சண்டை வந்துவிட்டது. சண்டை விலையில் அன்று, அளவில். மேஸ்திரி நாடாவைப் பிடித்து நான்கு சுவர்களையும் உள்ளும் புறமும் முழுதாக அளந்து கணக்குப் போட்டார். ஒரு கதவு 21 சதுர அடி, மூன்று ஜன்னல் ஒவ்வொன்றும் 16 சதுர அடி, ஆக 69 சதுர அடி வெற்றிடம். இரு பக்கமும் பூசியதால் 138 சதுர அடியைக் கழிக்க வேண்டும் என்றார் ஆசிரியர். "காத்துக்கு எவனாவது பூச்சு பூசுவானா?" என்பது அவர் கட்சி. "கதவு ஜன்னல் கழிக்கிற வழக்கமே கிடையாதுங்க ஐயா, முப்பது வருஷமா வேலை செய்யறேன்" என்பது மேஸ்திரியின் கட்சி. குரல்கள் உயர்ந்து, அக்கம் பக்கத்துப் பால்கனிகளில் தலைகள் தோன்றிய நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது என்பது அவ்விருவருக்கும் தெரியாது. கட்டட வேலைகளை அளக்கும் முறையைப் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டிருக்கும் ஐ.எஸ். 1200 என்ற தொகுதியின் 12ஆம் பகுதி, பூச்சு வேலையைப் பற்றியது. வெற்றிடம் அரை சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்தரைச் சதுர அடிக்கு உட்பட்டதானால் ஒன்றும் கழிப்பதில்லை. அதற்குமேல் 3 சதுர மீட்டர்வரை, அதாவது சுமார் 32 சதுர அடிவரை, இரு பக்கமும் ஒரே பூச்சானால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பது. அதையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்ப்பது. காரணமில்லாமல் வகுத்த விதியன்று இது. ஜன்னலின் வெற்றிடத்துக்குப் பூச்சு இல்லைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள நான்கு ஓரங்களையும் மட்டம் பார்த்து, மூலை மடித்து, இரண்டங்குலக் கரண்டியால் இழைக்கும் வேலை, வெற்றுச் சுவரில் அந்த அளவுக்குப் பூசுவதைவிட நேரம் பிடிக்கும். ஓரத்தைத் தனியாக அளக்கும் தொல்லைக்குப் பதிலாக, ஒரு பக்கத்து வெற்றிடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தனியார் வீட்டு மேஸ்திரியை இந்த விதி தானாகக் கட்டுப்படுத்தாது. அரசாங்க வேலைகளில் வழங்கும் அளவை இது. ஆயினும் இரு கட்சிக்கும் அப்பாற்பட்ட ஒரு மூன்றாம் குரல் இருக்கிறது என்பதே அந்த மொட்டைமாடியில் பெரிய காரியமாயிற்று.

கதவும் ஜன்னல்களும் இடைப்பட்ட ரகத்தைச் சேர்ந்தவையாகையால், கழிக்க வேண்டியது 69 சதுர அடி: ஆசிரியர் கேட்டதில் சரிபாதி, மேஸ்திரி மறுத்ததிலும் சரிபாதி. ஆசிரியர் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு ஜன்னல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "ஓரம் நல்லாத்தான் இழைச்சிருக்கான்" என்று முணுமுணுத்தார். கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. சித்தாள்களுக்குக் காப்பியும் வந்தது. புறப்படும்போது மேஸ்திரி என்னைத் தனியே அழைத்துச் சென்று, மடித்த சட்டைக் கையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து நீட்டி, "அந்த அரை மீட்டர், மூணு மீட்டர் கணக்கை இதுல தமிழ்ல எழுதிக் குடுங்க சார்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "போன மாசம் ஒரு வீட்ல, காத்தாடி மாட்டுற சின்ன ஜன்னலைக்கூட ரெண்டு பக்கமும் கழிச்சிட்டாங்க சார். போய்க் காட்டணும்."